நாற்பத்தோராவது வரி

வெளியே மழை விடவில்லை. உள்ளே போன் விடவில்லை. வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் தலைமைப் பொறியாளர் ஆதிமூலம், பயிற்சிக்கு வந்திருந்த ஜெசிந்தாவிடம் கத்தினார்.

"கம்ப்யூட்டர்ல நிரல் எழுதி ஓட்டுற நோட்புக் பக்கத்துல வெள்ளக் கணக்கு ஓடுதுல்ல, அதே பக்கத்துல மேப்பும் வரணும். நகர்த்தினா நகரணும். கலெக்டர் வர்றதுக்குள்ள முடியலன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவள் ஒரே ஒரு வரி நிரல் எழுதினாள். வரைபடம் வந்தது, நகர்ந்தது.

"ஒரு வரியா? இதுக்கா இத்தனை பேர்னு கேப்பாங்க. மேல நாற்பது வரி சேரு. முதல் வரியில என் பேரைப் போடு."

"என்ன எழுதட்டும் சார்?"

"எதையாவது எழுதும்மா!"

எழுதினாள்.

கலெக்டர் நனைந்தபடி நுழைந்தார். வரைபடத்தை நகர்த்திப் பார்த்தார்.

"பிரமாதம். எல்லா தாலுகாவுக்கும் இப்பவே அனுப்பணும். ஆமா, இத்தனை வரியும் என்ன செய்யுது?"

ஆதிமூலம் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"கடைசி வரி மட்டும்தான் என்னுது மேடம். மேல இருக்கிற நாற்பதும் சார் சொல்லி எழுதினது. அவரே விளக்கட்டும்."

ஆதிமூலம் இருமினார்.

கலெக்டர் அந்த நாற்பதையும் கீழிருந்து ஒவ்வொன்றாக அழித்தார். கடைசியில் அழிந்தது ஆதிமூலத்தின் பெயர். அப்போதும் வரைபடம் நகர்ந்தது.

"நாளைக்குச் சீக்கிரமே வந்துடும்மா" என்றார் கலெக்டர், ஜெசிந்தாவிடம்.