சித்திரை வெயிலில் ஹீட்டர்

ரைஸ்மில் முதலாளி தில்லைநாயகத்துக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்பே கொள்ளாது. கார் ரேடியேட்டர் ஹோஸ் கசிகிறது, மாற்றணும் என்று டிரைவர் சவரிமுத்து ஒரு வாரமாகத் தொண்டை வறளச் சொல்லியும், "துணியைச் சுத்தி ஓட்டுடா" என்றுவிட்டார் மனுஷன்.

அன்றைக்கு மகனுக்கு நிச்சயதார்த்தம். ராகுகாலத்துக்கு முன்னால் தஞ்சாவூர் போயாகணும். ஒரத்தநாடு தாண்டியதுமே ஹீட் முள் சிவப்பைப் பார்த்து ஏறியது.

"முதலாளி, நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணி ஊத்தணும்."

"இன்ஜினும் சூடாகக் கூடாது, வண்டியும் நிக்கக் கூடாது. நிறுத்தினா உனக்கு இன்னையோட வேலை கிடையாது!"

சவரிமுத்து ஏசியை அணைத்தான், ஹீட்டரை முழுசாகத் திருகினான். சித்திரை வெயிலில் காருக்குள் அனல் குபுகுபுவென்று அடித்தது.

"டேய், என்னடா இது?"

"இன்ஜின் சூட்டை இந்தப் பக்கம் இழுத்து விட்டிருக்கேன் முதலாளி. முள்ளு இறங்குது பாருங்க. நிக்காமப் போயிடலாம்."

முதலாளி ஜன்னலைத் திறந்தார். வெளிக்காற்றும் கொதித்தது. பட்டுச்சட்டை முதுகோடு ஒட்டியது, திருநீறு வழிந்து மூக்கில் இறங்கியது.

"நிறுத்துடா!"

"நிறுத்தினா வேலை போயிடுமே முதலாளி?"

"ராகுகாலமாவது ஒண்ணாவது, நிறுத்துடா!"

வண்டி புளியமர நிழலில் நின்றது. பின்சீட்டில் தாம்பாளத்தோடு வெந்துகொண்டிருந்த முதலாளியம்மா அமுதவல்லி முகத்தைத் துடைத்தபடி கேட்டாள்:

"சவரி, வண்டியை நிறுத்தினது யாரு?"

"முதலாளிதாம்மா."

"அப்ப வேலை போனது அவருக்குத்தான். ஏங்க, மில்லுச் சாவியை இப்படிக் குடுங்க. முதல்ல ஒரு ஹோஸ் வாங்கணும்."