பாக்கி இருந்த கடைசி அத்தியாயம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. முதலாளி செங்கோடனின் மச்சான்தான் மேனேஜர். அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் பூங்கோதை. அவள் பதவி உயர்வு கேட்டதும் முதலாளி சிரித்தார்.

"ரெண்டு தீபாவளிக்குள்ள ஆன்லைன்ல எம்பிஏ முடி அம்மிணி, மேனேஜர் நாற்காலியே உனக்குத்தான்!"

பஸ்ஸிலும் சாப்பாட்டு வேளையிலும் போனில் படித்து எல்லாப் பரீட்சையும் பாஸானாள். மிச்சம் புராஜெக்ட். அனுப்பும் முன் முதலாளியிடம் காட்டினாள். தலைப்பு: 'ஒரு கம்பெனி எப்படி ஆர்டர்களை இழக்கிறது'. பக்கத்துக்குப் பக்கம் மச்சானின் கைவரிசை.

"இதை யாரெல்லாம் படிப்பாங்க?"

"காலேஜ் வெப்சைட்ல போடுவாங்களாமுங்க."

"மானம் போயிருமே! மாத்தி எழுது!"

"நடந்ததை மாத்த முடியாதுங்க. ஆனா 'தீர்வு'ங்கிற கடைசி அத்தியாயம் இன்னும் எழுதலீங்க. முதலாளி சுதாரிச்சு மேனேஜரை மாத்திட்டார்னு முடிச்சா, உங்களைத்தானுங்க கெட்டிக்காரர்ம்பாங்க."

அந்த அத்தியாயத்தைப் பூங்கோதை மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினாள்.