ஐம்பத்தெட்டு கிலோ

"என்ர வண்டி என்ர பேச்சையே கேக்க மாட்டேங்குதுடா" என்றான் கனகராஜ்.

செபாஸ்டின் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

கோவைக்கு வெளியே, செம்மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்த மோட்டோகிராஸ் பைக் பந்தய மைதானம் அது. அங்கே ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் செபாஸ்டின். ஊரே அவனை மாஸ்டர் என்கிறது. கனகராஜ் மட்டும் அந்தச் சொல்லை வாயில் வைத்ததில்லை.

எப்படி வரும்? இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் கனகராஜ் முதலாவது, செபாஸ்டின் இரண்டாவது. எப்போதும் அப்படித்தான். பந்தய வண்டிக்குப் பின்னால் பார்க்கும் கண்ணாடி கிடையாது. அதனால் தனக்குப் பின்னால் மண்ணைத் தின்றுகொண்டு வந்தவனைக் கனகராஜ் பார்த்ததே இல்லை.

இப்போது போய்க் கேட்க வேறு ஆளில்லை.

"என்ன பண்ணுது?"

"மேட்டுல பறந்து இறங்குனா அடியில டங்குனு இடிக்குது. இடுப்பே போச்சு. வளைவுல முன்வீல் சொன்ன இடத்துல நிக்காம வெளியே ஓடுது. இந்த வாரத்துலயே ரெண்டு தடவை விழுந்துட்டேன்."

"புது வண்டியாச்சே."

"புதுசுதான்! நானூத்தம்பது சிசி. பட்டனைத் தொட்டா ஸ்டார்ட். கார்புரேட்டர் இல்லை, எல்லாம் இன்ஜெக்‌ஷன். டயர் வழுக்குனா அதுவே பவரைக் குறைச்சுக்குது. ரேஸ் தொடங்கற கேட் விழுந்ததும் சர்ருனு கிளம்பறதுக்குத் தனியா ஒரு சுவிட்சு."

"அப்புறம் என்ன கொறை?"

கனகராஜின் குரல் இறங்கியது.

"நம்ம பழைய டூ ஸ்ட்ரோக்குல இதுல ஒண்ணுகூட இல்லை. உதைச்சு உதைச்சுக் காலே வீங்கிரும். ஆனா அது பறந்துச்சேடா."

பெட்ரோலோடு ஆயில் கலந்து எரியும் அந்த நீலப் புகையின் வாசனை அவன் நினைவுக்கு வந்தது. ஜெயித்து இறங்கியதும் கால் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு போன கூட்டம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாப்பது தாண்டுனவங்களுக்கு ரேஸ். அதுலயும் விழுந்தேன்னா வண்டியை வித்துருவேன். இந்த மண்ணை இனி மிதிக்க மாட்டேன்."

செபாஸ்டின் எழுந்தான்.

"ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் மாட்டிட்டு ஏறி உக்காரு."

ஏறினான். வண்டியின் பின்பக்கம் பொதுக்கென்று இறங்கியது. செபாஸ்டின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அளவு டேப்பைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஓட்டறவன் எடைக்குத் தக்க ஸ்பிரிங் போடறதுக்காக எடையைக் கேட்டிருப்பாங்களே. என்ன சொன்னே?"

"அம்பத்தெட்டு."

யோசிக்காமலே வந்தது. கோப்பையைத் தூக்கிய காலத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன அதே பதில்.

செபாஸ்டின் சிரிப்பான் என்று எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை.

"வண்டில ஒரு கொறையும் இல்லை. அம்பத்தெட்டு கிலோக்காரனுக்குக் கச்சிதமா இருக்குது. ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லு."

கனகராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தான்.

"அவன் வர மாட்டான்டா."

"தெரியும்."

செபாஸ்டின் மைதானத்தைப் பார்த்தான்.

"நானும் அவனைத்தான் தேடிட்டிருக்கேன். அவன் எப்படிப் பறப்பான்னு நீ எங்கே பார்த்தே? பின்னாடியே வந்த நாந்தான் பார்த்தேன்."



பிறகு செபாஸ்டின் அலமாரியைத் திறந்தான். தடித்த ஸ்பிரிங்குகள் வரிசையாக இருந்தன. அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, முதல்முறை வந்த ஆளிடம் கேட்பதுபோல் கேட்டான்.

"இப்ப உக்காந்திருக்கறவரு எடை எவ்வளவுங்க?"

கனகராஜ் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"எம்பத்தி மூணுங்க, மாஸ்டர்."