நல்ல கால்

பிசியோதெரபிஸ்ட் டெய்சி, சுடலையாண்டியைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அவன் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆனபின், கைக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அவனுக்கு நடை சொல்லிக்கொடுத்தவள் அவள்தான்.

ஒன்பது மாதமாகக் கபடி இல்லை. ஆட்டத்தில் தன் வலது காலைப் பிடித்து முறுக்கிய எதிர் டீம் பேச்சிமுத்துவைத் திட்டாமல் சுடலையாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. வயது முப்பத்து நாலு. இனி ஆடலாம் என்று டீச்சர் கையெழுத்துப் போட்ட சீட்டு இன்று மாலைக்குள் போகாவிட்டால் டீமில் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்கள். அப்புறம் இவனைக் கூப்பிட ஆள் இருக்காது.

சோதனை இதுதான். ஒற்றைக் காலில் முட்டி மடக்கி நின்று, மற்ற காலைத் தரையில் ஒட்டிய டேப்பின்மேல் முன்னே நீட்ட வேண்டும். நிற்கிற கால் எவ்வளவு உறுதியோ அவ்வளவு தூரம் எட்டும். இரண்டு காலுக்கும் நாலு சென்டிமீட்டருக்குமேல் வித்தியாசம் வந்தால் ஆட விடமாட்டாள். போன மாதம் அதில்தான் தோற்றான்.

முதலில் நல்ல காலான இடது காலில் நின்றான். ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் எட்டியது. அடுத்து வலது காலில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினான். அறுபத்தேழு.

டெய்சி டேப்பை இரண்டு தரம் பார்த்தாள்.

"ஆபரேஷன் பண்ணது எந்தக் கால், அண்ணாச்சி?"

"வலதுதான் டீச்சர். தழும்பு தெரியுதே."

"டாக்டர் காலை மாத்திப் பண்ணிட்டாரோன்னு பார்த்தேன்."

வலது காலில் நின்றால் தூரம் எட்டாது என்று பயந்து, இரண்டும் ஒத்துப்போகட்டும் என்று இடது காலைச் சரியாக மடக்காமல் ஏமாற்றியதைத் தலை குனிந்து சொன்னான். அவள் திட்டவில்லை. திரும்ப நிற்கச் சொன்னாள்.

இடது காலில் நின்று இந்தத் தடவை முழுசாக மடக்கி நீட்டினான். அறுபத்தொன்பது. வித்தியாசம் இரண்டே சென்டிமீட்டர்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவள் கையெழுத்துப் போடும்போதே அவன் வாய் பழைய இடத்துக்குப் போயிற்று.

"ஒன்பது மாசம் போச்சு டீச்சர். என் காலைப் பிடிச்சவனை நான் விடமாட்டேன்."

டெய்சி சீட்டை நீட்டினாள்.

"வலது காலைப் பிடிச்சது பேச்சிமுத்து. இன்னைக்கு இடது காலைப் பிடிச்சது யாரு, அண்ணாச்சி?"