அக்கரைத் தூளிகள்

பட்டு வணிகர் திருமேனி ஆற்றங்கரையில் பட்டுக்கூடுகளிலிருந்து நூல் எடுக்கும் கூடம் ஒன்று கட்டினார். ஆற்றுக்கு அக்கரை வேறு நாடு. அங்கே விடிந்ததும் பெண்கள் கூட்டம் கூட்டமாக இந்த வேலைக்குப் போவதை அவர் பார்த்திருக்கிறார். அதே கூலியை இங்கேயும் தருவதாக ஊரெல்லாம் சொல்லியனுப்பினார். ஒரு பெண்கூட வரவில்லை. நூல் எடுக்க ஆளில்லாமல் பூச்சிகள் கூடுகளைத் துளைத்து வெளியே வந்துவிட்டன. துளைபட்ட கூட்டில் நூல் அறுபட்டுப் போகும்; போட்ட முதல் போயிற்று.

மனம் சோர்ந்தவர் ஒரு விடியற்காலையில் உமையாளைத் தேடிப் போனார். உமையாள் அவரைவிட வயதில் இளைய துறவி. ஆனாலும் திருமேனி குருவாகக் கொண்டது அவரைத்தான்.

“அம்மா, நம் நாட்டுப் பெண்கள் வேறு மாதிரிப் பிறந்தவர்களா?”

உமையாள் ஓடத்துறைக்கு நடந்தார். ஓடத்தில் ஏறி உட்கார்ந்தார். திருமேனியும் ஏறினார்.

ஆறு முழுக்கப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. துடுப்பின் ஓசை மட்டும் யாரோ தூக்கத்தில் பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஓடத்தில் வஞ்சி என்றொரு பெண் இருந்தாள். இக்கரையில் பிறந்து அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே நூல் எடுக்கிறாளாம்; பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். பிறந்த வீட்டில் இருந்தவரை ஏன் வேலைக்குப் போகவில்லை என்று திருமேனி விசாரித்தார்.

“பிறந்த வீட்டுல இருந்தப்போ அந்த நினைப்பே வரலைங்க” என்றாள்.

அக்கரையில் ஒரு பெரிய புளியமரம் பனிக்குள்ளிருந்து மெல்லத் தெரிந்தது. கிளையெல்லாம் தூளிகள். வெள்ளை வெள்ளையாக ஆடிக்கொண்டிருந்தன. கீழே கிழவர்களும் இளைஞர்களும் உட்கார்ந்து ஆட்டிவிட்டார்கள். வஞ்சியின் கணவன் பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி துறைக்கு வந்தான். அவள் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வேலைக்கு நடந்தாள். போகிறவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருமேனி தூளிகளை அண்ணாந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“தூளியை நானும் கட்டலாம், அம்மா. ஆனால் வேலைக்கு வர மனசும் வேண்டுமே. என் மனைவி பூரணி தன் பிறந்த வீட்டில் நூல் எடுத்த காலத்தில் அவள் கைத்திறனை ஊரே வந்து பார்க்கும். அவளைத்தான் முதலில் கூப்பிட்டேன். ‘எனக்கு வேண்டாம்’ என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள்.”

உமையாள் கேட்டார்.

“நீங்கள் கேட்டபோது, உங்கள் குழந்தை யார் இடுப்பில் இருந்தது?”