வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரியே

நெட்டூரணியில் ஒரு கார் இருந்தது. ஊருக்கே ஒரு கார்தான். சிவப்பு நிறம். அதற்கு முதலாளிகள் மூன்று பேர். மூத்தவர் ஆவுடையப்பன், நடுவில் கொம்பையா, கடைசி சுடலையாண்டி. கூடப் பிறந்தவர்கள். நிலத்தைப் பங்கு போட்டார்கள், மாட்டைப் பங்கு போட்டார்கள், மூளையை மட்டும் பங்கு போடாமல் பொதுவில் வைத்துக்கொண்டார்கள் என்று ஊரில் பேச்சு. அது இப்போது யாரிடம் இருக்கிறது என்றுதான் அவர்களுக்கே தெரியவில்லை.

காருக்கு வயது பதினைந்து ஆகப் போகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு மெக்கானிக்கின் விரல்கூட அதன்மேல் பட ஆவுடையப்பன் விட்டதில்லை. "நம்ம பிள்ளையை அடுத்தவனா குளிப்பாட்டுவான்?" என்பார். காரோடு வந்த புத்தகத்தைச் சுடலையாண்டி சத்தமாக வாசிப்பான். அண்ணன்மார் இரண்டு பேரும் அதில் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்.

ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலைப் பார்க்க வேண்டும் என்று போட்டிருந்தது. அன்றைக்கு மூன்று பேரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள்.

"பாத்தியாலே?"

"பாத்தாச்சுண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

"அதும் என்னையப் பாத்துச்சுண்ணே."

திருப்தியாக மூடிவிடுவார்கள்.

பத்தாயிரம் ஆனால் சக்கரங்களை இடம் மாற்ற வேண்டும் என்றும் போட்டிருந்தது. நாலையும் கழற்றினார்கள். ஒன்றை மாட்டுக் கொட்டகைக்கு மாற்றினார்கள், ஒன்றை மச்சுக்கு, ஒன்றைக் கொம்பையாவின் மாமனார் வீட்டுக்கு. நாலாவதுக்கு இடம் கிடைக்காமல் ஒரு வாரம் அலைந்தார்கள். அதுவரை கார் செங்கல்லின் மேல் நின்றது. கடைசியில் நாலையும் காருக்கே திரும்ப மாற்றினார்கள். இவ்வளவு கவனிப்பையும் தாங்கிக்கொண்டு அந்தக் கார் ஓடியது என்பதுதான் அதன் பெருமை.

கொம்பையாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "டவுன்ல அவனவன் புது வண்டி வாங்கிட்டான். பொத்தானைத் தொட்டா ஜன்னல் தன்னால இறங்குது."

"நம்ம ஜன்னலும் தன்னாலதான இறங்குது?" என்றார் ஆவுடையப்பன். "அதுவும் பொத்தான் இல்லாமலே."

"ஏற மாட்டேங்குதேண்ணே!"

"ஏறணும்னு நீ எப்பவாவது கேட்டியா?"

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பாஸ் போட்டால் பழைய காரே இருக்கட்டும், இனிமேல் புதுசு என்ற பேச்சை எடுப்பதில்லை. ஃபெயில் என்றால் அன்றைக்கே அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டுப் புதுக் கார் வாங்குவது. சுடலையாண்டி நடுவர். அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. கார் நிற்கும் கொட்டகைக்குப் போய் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவார்.

என்ன செய்தால் பாஸ் கிடைக்கும் என்று கேட்டுவர அவரே டவுனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் வைகுண்டவல்லி முன்னால் ஒரு மலை உயரத்துக்குக் காகிதம். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "வேறொண்ணும் இல்ல பெரியவரே. வாங்கின அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அப்படிக் கொண்டாங்க. திங்கக்கிழமை பத்து மணி."

ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்து தம்பிகளை உட்காரவைத்தார். "அப்படின்னா அப்படியே. ஒரு இம்மி மாறக் கூடாது."

வாங்கின அன்றைக்கு எடுத்த போட்டோ சுவரில் தொங்கியது. கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள்.

"மாலை இருக்கு," என்றான் சுடலையாண்டி. "சீட்டுல பாலிதீன் கவர் இருக்கு. நம்பர் பிளேட் இல்ல."

"நம்பர் அன்னைக்கு வரலையே. கழத்திரு."

"ஆர்.சி. புக்கு?"

"அதும் அன்னைக்கு ஏது? பிளேட்டோட சேத்துப் பேப்பர்ல சுத்தி டிக்கியில போடு. யார் கண்ணுலயும் படக் கூடாது."

"உங்க மீசை கருப்பா இருக்குண்ணே."

ஆவுடையப்பனின் மனைவி தாயம்மாள் மை டப்பியைக் கொடுத்தாள். "வாங்கின அன்னைக்கு நானும்தான் கருப்பு முடியோட இருந்தேன். என்னையக் கேக்க ஒரு ஆளில்ல," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"ஆடு இருக்குண்ணே," என்றான் சுடலையாண்டி.

போட்டோவின் ஓரத்தில், பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளாட்டின் பின்பாதி தெரிந்தது. முன்பாதி போட்டோவுக்கு வெளியே இருந்தது. மூன்று பேரும் வெகு நேரம் அதைப் பார்த்தார்கள்.

"அந்த ஆடு அந்த வருசக் கோயில் கொடையிலயே போயிருச்சே," என்றார் ஆவுடையப்பன்.

"வேற ஆடு கொண்டு போவம். ஆனா பாதிதான வேணும்?" என்றான் கொம்பையா. "முழு ஆடு கொண்டு போனா, பாதி கூடுதல்னு ஃபெயில் போட்ருவாங்க."

"முழுசா கொண்டு போவம். முன்பாதியைச் சுடலை மறைச்சுக்கிட்டு நிக்கட்டும்."

இது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

அடுத்தது மீட்டர். வாங்கின அன்றைக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டியது. இப்போது ஒரு லட்சத்து எண்பத்து மூவாயிரம். "போனதெல்லாம் திரும்பி வரணும், அம்புட்டுத்தான்," என்று ஆவுடையப்பன் காரைக் குளத்துக்கரைக்குக் கொண்டுபோய், சனிக்கிழமை முழுக்க ரிவர்ஸில் ஓட்டினார். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. மீட்டரில் ஒன்பது கூடியிருந்தது.

"அதுக்குப் பின்னால கண்ணு இல்லண்ணே. எந்தப் பக்கம் போறம்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான் சுடலையாண்டி. மீட்டரின் மேல் கனமாக ஒரு விபூதிப் பட்டை போட்டு விஷயத்தை முடித்தான்.

திங்கட்கிழமை காலை கிளம்பும்போதுதான் பெரிய சிக்கல் வந்தது.

"அண்ணே, வாங்கின அன்னைக்கு உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியாதே!" என்றான் கொம்பையா.

ஆவுடையப்பனுக்கு வியர்த்துவிட்டது. யோசித்தார். "ஓட்டுறேன். ஆனா தெரியாதவனா ஓட்டுறேன்."

அப்படியே ஓட்டினார். வளைவுக்கு வளைவு "இதுல பிரேக்கு எது?" என்று கேட்டுக்கொண்டு போனார். கொட்டகையைச் சுடலையாண்டி பூட்டிவிட்டு வந்திருந்தான், ஆடு பின் சீட்டில் பாலிதீன் சறுக்கச் சறுக்க நின்றுகொண்டு வந்தது. ஆபீஸ் வாசலில் இரண்டு பூந்தொட்டியை மட்டும் சாய்த்துவிட்டு, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

வைகுண்டவல்லி வெளியே வந்து பார்த்தார். மாலை போட்ட கார். மை வடியும் மீசையோடு, கழுத்தைத் திருப்ப முடியாத ஒரு மனிதர். ஒரு ஆட்டின் பின்பாதி.

"வண்டி நம்பர் என்ன?"

"இன்னும் வரலைங்க, மேடம்."

"ஆர்.சி. புக்கு?"

"இனிமேத்தான் தருவாங்க."

"எவ்வளவு ஓடியிருக்கு?"

"விபூதி," என்றான் சுடலையாண்டி ஆட்டுக்கு முன்னாலிருந்து.

வைகுண்டவல்லிக்குப் பின்னால் இன்னும் நாற்பது வண்டி நின்றது. அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "நம்பர் இல்ல, புக்கு இல்ல, சீட்டுக் கவரைக்கூடப் பிரிக்கல. புது வண்டியைக் கொண்டாந்து நிறுத்திக்கிட்டு என் உயிரை எடுக்காதீங்க. பதினஞ்சு வருசம் ஓடின அந்தப் பழைய வண்டி எங்க? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அது இங்க வரணும். வரலைன்னா ஃபெயில்."

மூன்று பேரும் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள்.

"இது புது வண்டியாம்," என்றான் கொம்பையா மெதுவாக. "கவர்மெண்டே சொல்லிருச்சு."

"அப்ப நம்ம பழைய வண்டி எங்கலே?" என்றார் ஆவுடையப்பன்.

"கொட்டகையைப் பூட்டும்போது பாத்தேண்ணே. உள்ள காலியாத்தான் கிடந்துச்சு," என்றான் சுடலையாண்டி.

"காலியா இருந்துச்சா? அதைப் பாத்துமா பூட்டுன?"

"காலியா இருக்கே, உள்ள யாரும் வந்துரக் கூடாதுன்னுதான் பூட்டுனேன்."

ஆவுடையப்பன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். பதினைந்து வருஷம் கண்ணாக வளர்த்த கார். இன்றைக்குத் தேர்வு என்று தெரிந்து பயந்து ஓடிவிட்டதோ என்னவோ. கொம்பையாவுக்கே பாவமாகிவிட்டது. "எந்திரிங்கண்ணே. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. இந்தப் புது வண்டியில ஏறுங்க, போய்த் தேடுவம்."

புது வண்டியில் ஏறிப் பழைய வண்டியைத் தேடிக் கிளம்பினார்கள்.

முதல் விசாரணை டீக்கடையில். "அண்ணாச்சி, எங்க பழைய சிவப்புக் காரைப் பாத்தீங்களா?"

"பாத்தனே. காலையில இந்தப் பக்கமாத்தான போச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

"யார் ஓட்டிக்கிட்டுப் போனா?"

"ஏன், நீங்கதான்!"

ஆவுடையப்பன் நெஞ்சில் கை வைத்தார். "அப்பாடா. தெரிஞ்ச ஆளுதான் ஓட்டுறான். பயமில்ல."

அங்கிருந்து விரட்டினார்கள். பம்ப்செட்டில் துணி துவைத்தவளிடம் கேட்டுவிட்டு, எதற்கும் ஒருமுறை டவுன்வரை போய்ப் பார்த்துத் திரும்பி வந்து மறுபடி கேட்டார்கள். "இப்பத்தான இப்படிப் போச்சு, புழுதிகூட அடங்கல," என்றாள். ரயில்வே கேட்டில் கேட்டார்கள். "போயி ஒரு நிமிஷம் ஆகல, இன்னைக்கு இதோட நாலு தடவை போயிருச்சு," என்றார் கேட்மேன். டவுனுக்கும் ஊருக்கும் நடுவே ஐந்து முறை போய் வந்தார்கள். கேட்ட இடத்தில் எல்லாம் கார் அப்போதுதான் போயிருந்தது. வேகமாகப் போனாலும் அது ஒரு நிமிஷம் முன்னால் இருந்தது. மெதுவாகப் போனாலும் அதே ஒரு நிமிஷம்தான்.

"என்ன ஓட்டம் ஓடுது பாருலே!" என்றார் ஆவுடையப்பன், கவலையிலும் பெருமை தாங்காமல்.

கொம்பையா ஸ்டியரிங்கை முறைத்தான். "இந்தப் புதுசால அதை எட்டிப் பிடிக்க முடியலையே. ஏசியும் இல்ல. ஜன்னலும் ஏற மாட்டேங்குது. புது வண்டியா இது?"

மணி நாலு ஆகிவிட்டது. குளத்தைச் சுற்றி ரோடு வளைகிற இடத்தில் ஆவுடையப்பன் காரை ஓரமாக நிறுத்தினார். "இதை நம்பிப் பிரயோஜனமில்ல. இறங்குங்க. குறுக்க ஓடி, அந்தப் பக்கம் போய் வழி மறிப்பம்."

ஆட்டை மட்டும் காவலுக்கு விட்டுவிட்டுக் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். உள்ளே போனதும் சுடலையாண்டி இடது பக்கம் என்றான், கொம்பையா வலது பக்கம் என்றான், ஆவுடையப்பனுக்குக் கழுத்து திரும்பிய பக்கம்தான் வழி. முள் கிழித்து, வேட்டி கிழிந்து, மூச்சு வாங்கி ஒருவழியாக ரோட்டில் வந்து விழுந்தார்கள்.

எதிரே ஒரு சிவப்புக் கார் நின்றது. மேலெல்லாம் புழுதி. மாலை எப்போதோ காற்றில் போய்விட்டது. ஆடு பாலிதீனைக் கிழித்துப் பாதி தின்றுவிட்டு, மீதியை மென்றுகொண்டிருந்தது. மீட்டரில் போட்ட விபூதி உதிர்ந்துவிட்டிருந்தது.

"அண்ணே! நம்ம கார்!" என்று கத்தினான் சுடலையாண்டி.

ஆவுடையப்பன் ஓடிப்போய் பானட்டைக் கட்டிக்கொண்டு அழுதார். கொம்பையா மட்டும் நிதானமாக டிக்கியைத் திறந்தான். பேப்பர் சுற்றிய நம்பர் பிளேட், ஆர்.சி. புக்கு இரண்டும் இருந்தன. "நம்ம நம்பர்தான். சந்தேகமே இல்ல," என்றான்.

"ஆடு எப்படி இதுல வந்துச்சு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"நம்மளவிட விவரம். முன்கூட்டியே வண்டி மாறிருச்சு," என்றான் சுடலையாண்டி.

நம்பர் பிளேட்டை மாட்டினார்கள். இப்போது ஆவுடையப்பன் தெரிந்தவராகவே ஓட்டினார். நாலே முக்காலுக்கு ஆபீஸ். வைகுண்டவல்லி பிரேக்கைப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், புகையைச் சோதித்தார், நம்பரைப் புக்கோடு ஒத்துப் பார்த்தார். "வண்டி நல்லாத்தான இருக்கு? இதைக் காலையிலயே கொண்டாந்திருக்கலாம்ல?" என்று ஐந்து வருஷத்துக்குப் பாஸ் போட்டார்.

ஆவுடையப்பன் காருக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிச் சுற்றினார். சுடலையாண்டி ஆட்டுக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தான். சந்தோஷமாக ஊருக்குத் திரும்பினார்கள். குளத்து வளைவு வந்ததும் கொம்பையா "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அலறினான். மூன்று பேரும் இறங்கிப் பார்த்தார்கள். ரோட்டோரம் காலியாகக் கிடந்தது.

"இங்கதான நிறுத்துனோம், புது வண்டியை?"

"இதே இடம்தான்."

"எவனோ கொண்டு போயிட்டான்," என்றான் கொம்பையா. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலையில வந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள போயிருச்சு. ஒரு நாள் முழுசா வச்சிருக்கக் குடுத்து வைக்கல."

ஆவுடையப்பன் தம்பியின் தோளில் கை போட்டார். "இதுக்குத்தான்லே அன்னைக்கே புதுசு வேண்டாம்னு சொன்னேன். விடு. உனக்கு அவ்வளவு ஆசைன்னா இன்னொரு புதுக் கார் வாங்குவம். ஆனா இந்தத் தடவை பதினஞ்சு வருசம் ஓடின புதுக் காராப் பாத்து வாங்கணும். அதுதான் காணாமப் போனாலும் திரும்பி வரும்."

கொம்பையா மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதுதான் சரி என்றான்.