நிறுத்தங்களை எண்ணியவர்

பரஞ்சோதிக்கு வயது நாற்பத்தேழு. அவருடைய ஆய்வு நெறியாளர் தமயந்திக்கு முப்பத்தொன்பது. பதினேழு வருடம் பேருந்து நடத்துநராக இருந்த பரஞ்சோதி, அந்த வேலையை விட்டுவிட்டு வந்து சமூகவியலில் முனைவர் பட்டம் வாங்கினார். ஊருக்குள் நின்று ஆளேற்றும் பேருந்து, அடுத்து வரும் காலனி நிறுத்தத்தில் ஏன் நிற்பதில்லை என்பதுதான் ஆய்வு. விசில் ஊதியும் நிற்காத வண்டிகளில் வேலை பார்த்தவர் அவர். பிறந்து வளர்ந்ததும் அப்படியொரு காலனியில்தான்.

உதவிப் பேராசிரியர் வேலைக்கு முதலில் வேறொரு பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்குப் போனார். ஒரே ஒரு கேள்வியில் எல்லாம் முடிந்தது.

"நீங்களும் அந்தச் சாதிதானே? உங்க ஆளுங்களைப் பத்தி நீங்களே எழுதினா அதுல நடுநிலை எப்படி இருக்கும்?"

வேலை இன்னொருவருக்குப் போனது.

அடுத்த வருடம் அவர் படித்த பல்கலைக்கழகத்திலேயே ஓர் இடம் காலியானது. வியாழக்கிழமை நேர்காணல். திங்கட்கிழமை காலையில் தமயந்தியின் அறைக்கு வந்து நின்றார்.

"மேடம், அதே கேள்வி வரும். நான் என்ன பதில் சொல்லணும்?"

தமயந்தி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"வாங்க, பஸ்ல ஒரு சுற்று போயிட்டு வரலாம்."

மலையடிவாரத்துக்குப் போகும் வண்டியில் ஏறினார்கள். கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண்ணின் பக்கத்தில் தமயந்தி உட்கார்ந்தார். பரஞ்சோதிக்கு அவர்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தது.

அரை மணி நேரம் கழித்து, சாலையோரத்தில் இரண்டு பெண்கள் கையைக் காட்டினார்கள். ஒருத்தியின் தலையில் சாக்கு மூட்டை, இன்னொருத்தியின் இடுப்பில் குழந்தை. வண்டி அவர்களைத் தாண்டி வெகுதூரம் போய் மெதுவானது. மூட்டைக்காரி ஓடிவந்து தொற்றிக்கொண்டாள். குழந்தை வைத்திருந்தவளால் முடியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

பரஞ்சோதியின் கை தன்னையறியாமல் விசிலைத் தேடிச் சட்டைப் பைக்குப் போனது. பையில் பேனாதான் இருந்தது.

தமயந்தி பக்கத்துப் பெண்ணிடம் கேட்டார். "இப்ப ஒரு ஸ்டாப் போச்சே, அது எந்த ஊருங்க?"

"இங்கயா? இங்க ஸ்டாப்பே கிடையாதுங்க. பதினோரு வருஷமா தினமும் இதுலதான் பேங்குக்குப் போறேன்" என்றாள் அந்தப் பெண். அவள் பொய் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான் சொன்னாள்.

பரஞ்சோதி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். தன் காலனி நிறுத்தத்தின் பெயர்ப் பலகை தூரத்தில் சிறியதாகிக்கொண்டிருந்தது.

கடைசி நிறுத்தத்தில் இறங்கி இருவரும் தேநீர் குடித்தார்கள்.

"அந்தப் பலகையை நீங்க எப்ப முதல்ல கவனிச்சீங்க?" என்று கேட்டார் தமயந்தி.

"ஆறு வயசுல மேடம். அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினப்ப."

"அதை வச்சா ஆய்வேடு எழுதினீங்க?"

"இல்லை மேடம். பதினாலு மாசம் நிறுத்தம் நிறுத்தமா நின்னு, நிக்காம போன வண்டிகளை எண்ணினேன்."

"சரி. வாங்க, வண்டி திரும்பப் போகுது."

"மேடம், நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலையே."

"இண்டர்வியூ எனக்கா?"

வியாழக்கிழமை துணைவேந்தர் நடுவில் உட்கார்ந்திருந்தார். வெளியிலிருந்து வந்த நிபுணர், ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு மூடினார். கேள்வி வந்தது, கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்.

பரஞ்சோதி ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"ஆமாங்க ஐயா, நான் அந்தக் காலனிதான். என் ஆய்வுக் கேள்வி அங்கிருந்து வந்துச்சு. எண்ணிக்கை அங்கிருந்து வரலை. நூத்தி எண்பத்தாறு நிறுத்தம், மூணு மாவட்டம். பட்டியல் பின்னிணைப்புல இருக்கு. ஆய்வேட்டு அட்டையில என் பேரை அழிச்சிடுங்க. யாரை வேணும்னாலும் அனுப்பி எண்ணச் சொல்லுங்க. எங்கயாவது தப்பா இருந்தா நானே வந்து திருத்திக்கறேன்."

நிபுணர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பரஞ்சோதி முடிக்கவில்லை.

"உங்க ஊர்க் கண்மாயைப் பத்தி நீங்க எழுதின புத்தகத்தை ரெண்டு தடவை படிச்சிருக்கேன் ஐயா. எந்த மடையை யார் அடைச்சாங்கன்னு வெளியூர்க்காரர் கண்ணுல பட்டிருக்காது. நீங்க அந்த ஊர்ங்கறதால பட்டுச்சு. அதுக்காக அந்தப் புத்தகத்தை யாரும் குறை சொன்னதில்லை."

துணைவேந்தருக்கு வலப்பக்கம் இருந்த அம்மாள் ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பின்னிணைப்பைத் திறந்தார். நிபுணர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மழை நாள்லயும் எண்ணினீங்களா?" என்றார்.

"மழை நாளுக்குத் தனி அட்டவணை இருக்குங்க ஐயா. எழுபத்திரண்டாம் பக்கம்."

அதன்பிறகு அரை மணி நேரம் அவர்கள் கேட்டதெல்லாம் ஆய்வைப் பற்றித்தான்.

ஒரு மாதத்தில் பணி ஆணை வந்தது. சேர்ந்த முதல் நாள், ஆசிரியர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது பரஞ்சோதியின் காதில் விழுந்தது. 'ஒதுக்கீட்டுல வந்தவர்' என்றார் ஒருவர். 'பழைய கண்டக்டராம்' என்றார் மற்றவர். அவர் நேராகத் தமயந்தியின் அறைக்குப் போனார்.

"மேடம், உள்ள வந்த பிறகும் இப்படிப் பேசறாங்க. இவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

தமயந்தி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"உங்களுக்கு இன்னைக்கு முதல் வகுப்பு எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு மேடம்."

"இப்ப மணி என்ன?"

"ஒன்பது ஐம்பத்தெட்டு."

"முப்பத்தாறு பேர் அங்க காத்துக்கிட்டிருக்காங்க. நீங்க இங்க என்ன பண்றீங்க?"